பழ ஈயின் மூளைக் கடிகாரச் செல்களில் மரபணுக்கள் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழ ஈக்கு நேரம் தெரியும் என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பயன்படும் கருவி மிக எளியது. ஐந்து மில்லிமீட்டர் விட்டமும் ஆறரை சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் சர்க்கரையும் அகாரும் கலந்த உணவை வைத்து அடைத்து, மறுமுனையில் பஞ்சைச் செருகி, உள்ளே ஒரே ஓர் ஈயை விடுவார்கள். குழாயின் நடுப்பகுதியை ஓர் அகச்சிவப்புக் கதிர் குறுக்கே கடந்து செல்லும். ஈ அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கணினி ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்ளும். இப்படி 32 குழாய்களை ஒரு சட்டத்தில் அடுக்கி, பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று சில நாள்கள் பழக்கினால், விளக்கு எரியும் நேரத்தை ஒட்டி ஒன்றும் அணையும் நேரத்தை ஒட்டி ஒன்றுமாக இரண்டு நடமாட்ட உச்சங்கள் வரைபடத்தில் எழும். நடுவே நண்பகலில் ஈக்கள் உறங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, விளக்கு எரிவதற்கு முன்பே ஈ நடக்கத் தொடங்கிவிடுகிறது என்பதுதான். பிறகு விளக்கையே போடாமல் முழு இருட்டில் வைத்தாலும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்று நாள்கணக்கில் தொடர்கிறது. ஆகவே அது வெளிச்சத்துக்குக் காட்டும் எதிர்வினை மட்டுமன்று, உள்ளேயே ஓடும் ஒரு கடிகாரம்.

அந்தக் கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது?

பழ ஈயின் மூளை அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு திசு. 2024-ல் வெளியான முழு மூளை இணைப்பு வரைபடம் ஒரு பெண் ஈயின் மூளையில் 1,39,000-க்கும் மேற்பட்ட நரம்புச் செல்களைக் காட்டியது. இவற்றுள் கடிகார மரபணுக்களை உரிய ஒழுங்குடன் இயக்கும் செல்கள் சுமார் 150 என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். புதிய வரைபடத்தைக் கொண்டு எண்ணியபோது அது 240 அளவுக்கு உயர்ந்தது. அப்படியும் ஆயிரத்துக்கு இரண்டு என்ற கணக்கைத் தாண்டவில்லை.

இவை ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. மூளையின் பக்கவாட்டில் ஒரு தொகுதியும் முதுகுப்புறத்தில் ஒரு தொகுதியுமாகச் சிதறியுள்ளன. பக்கவாட்டின் கீழ்ப்பகுதியில் இருப்பவற்றை எல்.என்.வி. என்றும், அதற்குச் சற்று மேலே இருப்பவற்றை எல்.என்.டி. என்றும், முதுகுப்புறச் செல்களை டி.என்.1, டி.என்.2, டி.என்.3 என்றும் துறையினர் குறிப்பிடுகிறார்கள். எல்.என்.வி. செல்களில் சிறியவை, பெரியவை என்று இரு வகை உண்டு. மூளையின் ஒவ்வொரு பாதியிலும் நான்கு சிறியவையும் நான்கு பெரியவையும் பி.டி.எஃப். என்ற நரம்புப் புரதத்துணுக்கைச் சுரக்கின்றன. மூளையில் இதைச் சுரக்கும் கடிகாரச் செல்கள் ஆக மொத்தம் பதினாறே. இந்தப் பதினாறைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஓர் அலமாரியை நிரப்பும்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எந்த மரபணுக்கள், எந்த நேரத்தில் இயங்குகின்றன?

ஆய்வுக்கூடத்தில் விளக்கு காலை 6 மணிக்கு எரிந்து மாலை 6 மணிக்கு அணைகிறது என்று வைத்துக்கொண்டால் இதைப் பின்தொடர்வது எளிது.

முற்பகலின் பிற்பாதியில் கிளாக், சைக்கிள் என்னும் இரண்டு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து, டி.என்.ஏ.வில் சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் உள்ள இடங்களில் அமர்கின்றன. இந்தத் தொடருக்கு ஈ-பாக்ஸ் என்று பெயர். இதிலுள்ள ஈ ஆங்கில எழுத்து, பூச்சி அன்று. பீரியட், டைம்லெஸ் என்னும் மரபணுக்களின் முகப்பில் இந்தத் தொடர் இருப்பதால் அவற்றிலிருந்து, புரதம் செய்வதற்கான நகலாகிய தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. மெல்ல ஏறும் அதன் அளவு இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் பீரியட் புரதமோ நள்ளிரவு வரை உட்கருவுக்கு வெளியே டைம்லெஸ் புரதத்தோடு கைகோத்துக்கொண்டு காத்திருக்கிறது. நள்ளிரவை ஒட்டி இரண்டும் உட்கருவுக்குள் நுழைந்து, தம்மை உருவாக்கிய கிளாக்–சைக்கிள் ஜோடியையே முடக்குகின்றன. படியெடுப்பு நிற்கிறது, விடியும்போது ஆர்.என்.ஏ. அளவு தாழ்கிறது. வெளிச்சம் வந்ததும் டைம்லெஸ் சிதைகிறது. துணையை இழந்த பீரியட்டும் முற்பகலுக்குள் சிதைந்துபோக, கிளாக்–சைக்கிள் ஜோடி மீண்டும் விடுபடுகிறது. அடுத்த சுற்று தொடங்குகிறது.

இதோடு பிணைந்த இரண்டாவது சுற்று ஒன்றும் உண்டு. கிளாக்–சைக்கிள் ஜோடியே வ்ரில், பி.டி.பி.1 என்னும் இரண்டு மரபணுக்களையும் இயக்குகிறது. முதலாவது கிளாக் மரபணுவை அடக்கும், இரண்டாவது அதைத் தூண்டும். இதன் விளைவாகக் கிளாக் மரபணுவின் ஆர்.என்.ஏ. பீரியட்டுக்கு நேர் எதிராக, விடியற்காலையை ஒட்டி உச்சத்தை அடைகிறது. கூட்டாகப் பார்த்தால், மாலையில் உச்சம் பெறும் மரபணுக்கள் ஓர் அணி, காலையில் உச்சம் பெறுபவை மற்றோர் அணி.

ஆர்.என்.ஏ. உச்சத்துக்கும் புரதத்தின் உச்சத்துக்கும் இடையே ஏன் அவ்வளவு தாமதம்?

கடிகாரத்தின் உயிரே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. புரதம் உருவானவுடனே உட்கருவுக்குள் ஓடிப்போய்த் தன் மரபணுவை மூடிவிட்டால், அளவு ஓரிடத்தில் நிலைத்து நிற்குமே தவிர ஏறி இறங்காது. டபுள்டைம் என்னும் நொதி, புதிதாக உருவாகும் பீரியட் புரதத்தின் மீது பாஸ்பேட் குழுக்களை ஒட்டி அதைச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டைம்லெஸ் போதிய அளவு சேர்ந்து பீரியட்டைக் காப்பாற்றும்வரை புரதம் தேங்குவதில்லை. உட்கருவுக்குள் நுழைந்த பிறகும் இந்த ஒட்டும் வேலை தொடர்கிறது. எத்தனை பாஸ்பேட், எந்தெந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே புரதத்தின் ஆயுள் அமைகிறது. பீரியட் புரதத்தின் 589-வது இடத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலம் ஒன்று அஸ்பராஜின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாறினால் போதும், நாள் 24 மணியிலிருந்து 19 மணியாகச் சுருங்கிவிடும்.

19 மணி நேர நாளா? அதை யார் கண்டார்கள்?

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும். 1971-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் மூன்று பிறழ்வு ஈ வகைகள் இருந்தன. ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், ஒன்றுக்கு 28 மணி நேரம், ஒன்றுக்கு ஒழுங்கே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவின் பிறழ்வுகள் என்று தெரிந்தபோது அதற்குப் பீரியட் என்று பெயரிட்டார்கள். 1984-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஆகியோரும் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் யங்கும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1990-ல் பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் மூவரும் பீரியட் ஆர்.என்.ஏ. நாள்தோறும் ஏறி இறங்குவதையும், அந்த ஏற்ற இறக்கம் பீரியட் புரதத்தையே சார்ந்திருப்பதையும் காட்டினார்கள். ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கொனொப்காவும் பென்சரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள்.

வெளிச்சம் கடிகாரத்தை எப்படித் திருத்துகிறது?

கண் வழியாகவும், செல்லுக்குள்ளேயே இருக்கும் கிரிப்டோகுரோம் என்னும் நீல ஒளி உணரும் புரதத்தின் வழியாகவும். ஈயின் தலை ஓடு ஒளியை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியது. ஒளி பட்ட கிரிப்டோகுரோம் டைம்லெஸ் புரதத்தைச் சிதைவுக்கு ஆளாக்குகிறது. எனினும் எல்லாக் கடிகாரச் செல்களிலும் கிரிப்டோகுரோம் இல்லை. எல்.என்.டி. செல்களில் பாதி அதைக் கொண்டவை, மறுபாதி இல்லாதவை. ஒரே இடத்தில் அருகருகே இருக்கும் ஆறு செல்களுக்குள்ளேயே இப்படிப் பிளவு இருப்பது, இவை அனைத்தையும் ஒரே வகையாகக் கருதியது எவ்வளவு அவசரம் என்பதை உணர்த்திய முதல் அறிகுறிகளில் ஒன்று.

உடலெங்கும் கடிகாரம் ஓடுகிறதே, மூளைச் செல்களைத் தனியே பிரித்துப் பார்க்க என்ன அவசியம்?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். 2000-களின் தொடக்கத்தில் பல ஆய்வுக் குழுக்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈக்களை உறையவைத்து, தலைகளை மட்டும் உதிர்த்தெடுத்து அரைத்து, எந்த மரபணுக்களின் ஆர்.என்.ஏ. ஏறி இறங்குகிறது என்று பட்டியலிட்டன. ஒவ்வொரு குழுவும் நூற்றுக்கணக்கான பெயர்களைத் தந்தது. பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, கடிகாரத்தின் மைய மரபணுக்களைத் தவிர்த்துப் பொதுவாக இருந்தவை மிகச் சில.

காரணத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஈயின் ஒரு கூட்டுக் கண்ணில் ஏறத்தாழ 750 முதல் 800 வரை கண்ணலகுகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எட்டு ஒளி உணர் செல்கள். இரண்டு கண்களையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் செல்கள். அவற்றுக்கும் கடிகாரம் உண்டு. தலையை அரைத்தால் கிடைக்கும் கடிகார ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு கண்ணுடையதும், மூளையைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவினுடையதும், நரம்புக்குத் துணைநிற்கும் கிளியாச் செல்களுடையதும்தான். பதினாறு பி.டி.எஃப். செல்கள் அந்தக் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் காதில் விழாது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலைப் பதிவு செய்துவிட்டு, நாதஸ்வரக்காரர் எந்த ராகம் வாசித்தார் என்று கேட்பதைப் போன்றது அது.

இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. ஒரு மரபணு ஒரு வகைச் செல்லில் காலையிலும் இன்னொரு வகையில் மாலையிலும் உச்சம் பெறுமானால், இரண்டையும் கலந்து அளக்கும்போது அது நாள் முழுவதும் மாறாமல் இருப்பதாகத் தோன்றும். சராசரி அளவீடு அதை வெளிக்காட்டாது.

அப்படியானால் அந்தச் சில செல்களை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

முதலில் அவற்றுக்கு நிறம் கொடுக்க வேண்டும். 1993-ல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் உருவாக்கிய கால்4–யு.ஏ.எஸ். முறையில், ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு மரபணுச் சுவிட்சை விரும்பிய செல்வகையில் மட்டும் இயங்கும்படி ஈக்குள் வைக்கலாம். அந்தச் சுவிட்சைக் கொண்டு பச்சை ஒளிரும் புரதத்தை உருவாக்கினால், பி.டி.எஃப். செல்கள் மட்டும் நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும்.

அடுத்தது கைவேலை. குறித்த நேரத்தில் ஈயை எடுத்து, கூர்மையான இரண்டு இடுக்கிகளால் தலையைப் பிளந்து மூளையை உப்புக் கரைசலில் இறக்குவார்கள். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பிணைப்புகளைக் கரைக்கப் பெரும்பாலும் பப்பெயின் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டில் கறியை மிருதுவாக்கப் பப்பாளிக்காய்த் துண்டைப் போடுகிறோமே, அதே பப்பாளிப் பாலில் இருக்கும் நொதிதான். இந்தக் கட்டத்தில் நரம்புச் செல்கள் கிளர்ச்சியடைந்து வழக்கமாக இயங்காத மரபணுக்களை எல்லாம் இயக்கிவிடாதிருக்க, மின் துடிப்பை நிறுத்தும் டெட்ரோடோடாக்சின் போன்ற நச்சுகளையும் கரைசலில் சேர்ப்பார்கள். பிறகு நுனி உருக்கி மழுங்கடித்த கண்ணாடிப் பிப்பெட்டால் திசுவை மெல்ல உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்றினால் செல்கள் தனித்தனியாக உதிரும்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இப்படி உதிர்ந்த செல்களைத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ்ப் பச்சையாகத் தெரிபவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குழலால் பொறுக்கினார்கள். ஒரு மாதிரிக்குச் சில பத்திலிருந்து நூறு செல்கள் வரை தேவைப்படும். ஓர் ஈக்குப் பி.டி.எஃப். செல்கள் பதினாறுதான், அவற்றிலும் பல வழியிலேயே வீணாகும். ஒரு செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.வோ பிக்கோகிராம் கணக்கு. எனவே அதைப் பன்மடங்கு பெருக்கிய பின்னரே அளக்க முடியும். இப்போது ஒளிரும் செல்களைப் பிரிக்கும் இயந்திரம் ஒவ்வொரு செல்லையும் தனிக் குழிக்குள் இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வுக்கும் தனி முத்திரைக் குறியீடு கொடுத்து, ஒன்றாகச் சேர்த்து வாசித்து, பிறகு கணினியில் பிரிக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்ததில் தெரியவந்தது என்ன?

2010-ல் ராஸ்பாஷின் ஆய்வுக்கூடம் சிறிய, பெரிய எல்.என்.வி. செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, தலை ஆய்வுகளில் தலைகாட்டாத பல மரபணுக்கள் இவற்றில் வலுவாக ஏறி இறங்குவது தெரிந்தது. 2017-ல் அதே குழு எல்.என்.வி., எல்.என்.டி., டி.என்.1 ஆகிய மூன்று தொகுதிகளையும் ஒப்பிட்டது. பீரியட், டைம்லெஸ், வ்ரில் போன்ற மைய மரபணுக்கள் மூன்றிலும் ஒரே நேரத்தில் உச்சம் பெற்றன. அவற்றைத் தாண்டியதும் ஒற்றுமை வேகமாகக் குறைந்தது. ஒரு தொகுதியில் ஏறி இறங்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை மற்றொன்றில் அப்படிச் செய்யவில்லை. எல்.என்.டி. செல்களில் டிரிசின் என்ற நரம்புப் புரதத்துணுக்கும், டி.என்.1 செல்களில் டி.எச்.31 என்பதும் இருப்பதை அந்த ஆய்வு முன்வைத்தது.

2021-ல் தனிச்செல் முறையில் ஆறு நேரப் புள்ளிகளில், விளக்கு–இருட்டுச் சூழலிலும் முழு இருட்டிலும் எடுத்த தரவுகள் வெளியாயின. மரபணுச் செயல்பாட்டை வைத்துப் பார்த்தால் கடிகாரச் செல்களில் குறைந்தது 17 வகைகள் இருப்பதாக அவை காட்டின. இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்ட பழைய ஏழெட்டுத் தொகுதிகள் போதவில்லை. குறிப்பாக டி.என்.1 என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் ஒளிந்திருந்தன. ஒவ்வொரு வகையையும் அடையாளம் காட்டியவை மைய மரபணுக்கள் அல்ல, பிற மரபணுக்களை இயக்கும் படியெடுப்புக் காரணிகளும், எந்தச் செல் எதனோடு இணைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மேற்பரப்புப் புரதங்களும்தான்.

என் பார்வையில் இந்தத் துறை கடந்த இருபது ஆண்டுகளில் கற்ற பாடங்களில் முதன்மையானது இது: கடிகாரம் எல்லாச் செல்லிலும் ஒன்றே. அதைக் கொண்டு எந்த மரபணுவை எப்போது திறப்பது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு.

மைய மரபணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கினால், காலைச் செல், மாலைச் செல் என்று எப்படிப் பிரிந்தன?

2004-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. சிறிய எல்.என்.வி. செல்கள் காலை நடமாட்டத்தையும், எல்.என்.டி. செல்களும் பி.டி.எஃப். சுரக்காத ஐந்தாவது சிறிய எல்.என்.வி. செல்லும் மாலை நடமாட்டத்தையும் இயக்குகின்றன. ஆனால் பீரியட் புரதமோ இரு வகையிலும் ஒரே நேரத்தில், பின்னிரவில்தான் உச்சம் பெறுகிறது. காலைக்கும் மாலைக்கும் ஒரே கடிகாரம் எப்படிப் பொருந்தும்?

இதற்கு 2016-ல் செயின்ட் லூயியில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பால் டகர்ட் குழு ஒரு விடையைக் காட்டியது. உயிருள்ள ஈயின் மூளையில், செல்களின் சுறுசுறுப்பைக் குறிக்கும் கால்சியம் அளவை அவர்கள் 24 மணி நேரமும் படம்பிடித்தார்கள். காலைச் செல்களில் கால்சியம் விடியலை ஒட்டியும், மாலைச் செல்களில் அந்தி சாய்வதற்கு முன்பும், டி.என். செல்களில் வெவ்வேறு வேளைகளிலும் உச்சம் பெற்றது. காலைச் செல்கள் சுரக்கும் பி.டி.எஃப். இல்லாதபோது மாலைச் செல்களின் உச்சம் தன் இடத்தை விட்டு முன்னால் நகர்ந்துவிட்டது. மாலை வருமுன் அவிழ்ந்துவிடாதபடி மாலைச் செல்களைப் பிடித்துவைப்பது காலைச் செல்களின் சமிக்ஞை என்று பொருள்.

பி.டி.எஃப். இல்லாத ஈ என்ன செய்யும்?

1999-ல் வெளியான ஆய்வின்படி, விளக்கு–இருட்டுச் சுழற்சியில், விளக்கு எரியுமுன்பே நடக்கத் தொடங்கும் அதன் காலை எதிர்பார்ப்பு மறைந்துவிடும், மாலை உச்சம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்திவிடும். முழு இருட்டில் விட்டால் பெரும்பாலான ஈக்கள் சில நாள்களில் ஒழுங்கை இழக்கும்.

மரபணுச் செயல்பாடு பற்றிப் பேசும்போது பி.டி.எஃப். ஓர் எச்சரிக்கையும் தருகிறது. நாளொழுங்கின் முதன்மைச் சமிக்ஞையான இதன் ஆர்.என்.ஏ. நாள் முழுவதும் ஏறி இறங்குவதே இல்லை. ஏறி இறங்குவது, சிறிய செல்களின் நரம்பிழை முனைகளில் சேர்ந்திருக்கும் பி.டி.எஃப். அளவுதான். ஆர்.என்.ஏ. பட்டியலை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் இந்தச் சமிக்ஞை கையில் சிக்கியிருக்காது.

அப்படியானால் ஆர்.என்.ஏ.வை அளப்பதால் என்ன பயன்?

பயன் உண்டு, எல்லையும் உண்டு. ஆர்.என்.ஏ. கூடினால் புரதமும் கூடும் என்பது பொது விதி அன்று. பீரியட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய செல்களில் அதன் ஆர்.என்.ஏ.வைப் புரதமாக மொழிபெயர்ப்பதற்கு டுவென்டிஃபோர், அட்டாக்சின்-2 என்னும் இரண்டு புரதங்களின் துணை தேவை. அவை இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. இருந்தும் பீரியட் புரதம் குறையும். இதனால் சில குழுக்கள், புரதத்தைக் கோக்கும் செல் உறுப்பான ரைபோசோமில் ஏறிவிட்ட ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்து அளக்கின்றன. வேறு சில, உட்கருவில் அந்தக் கணத்தில் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வை அளந்தன. இரண்டையும் முழு ஆர்.என்.ஏ. அளவோடு ஒப்பிட்டபோது, படியெடுப்பில் தெரியும் ஒழுங்கு செல்லில் நிலைத்து நிற்கும் ஆர்.என்.ஏ.வில் பல மரபணுக்களுக்குத் தெரியவில்லை. இதன் மறுதலையும் உண்மையாக இருந்தது.

மரபணு உட்கருவில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அடக்கப்படும் வேளையில் பீரியட் புரதம் உட்கரு உறையை ஒட்டிச் சில பொட்டுகளாகத் திரள்வதையும், பீரியட் மரபணுவே அந்த ஓரத்துக்கு நகர்வதையும் உயிருள்ள கடிகாரச் செல்களில் படம்பிடித்தது.

செல்லின் மின் துடிப்போடு மரபணுக்களுக்கு என்ன தொடர்பு?

டி.என்.1 செல்களின் ஒரு பிரிவில் இது தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. பகலில் சோடியம் கசிவு வழி ஒன்று கூடுதலாகத் திறந்து செல்லை எளிதில் துடிக்கும் நிலையில் வைக்கிறது. இரவில் பொட்டாசியம் வழிகள் ஓங்கி அதை அமைதிப்படுத்துகின்றன. சோடியம் வழியைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு துணைப் புரதத்தின் மரபணு கடிகாரத்தால் இயக்கப்படுவதே இதன் பின்னணி. 2015-ல் ரவி அல்லாடாவின் குழு இதை மிதிவண்டியின் இரண்டு மிதிகளுக்கு ஒப்பிட்டது. எலியின் மூளையில் உள்ள கடிகாரச் செல்களிலும் இதே ஏற்பாட்டை அவர்கள் கண்டார்கள்.

செல்லின் உருவமே நாள்தோறும் மாறுகிறது என்கிறார்களே?

ஆம், கேட்கும்போது நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். 2008-ல் புவனோஸ் ஐரிஸைச் சேர்ந்த மரியா ஃபெர்னாண்டா செரியானியின் குழு, சிறிய எல்.என்.வி. செல்களின் நரம்பிழை முனைகள் பகலில் கிளைத்து விரிந்தும் இரவில் கிளைகள் குறைந்து ஒடுங்கியும் இருப்பதைக் காட்டியது. முழு இருட்டிலும் இது தொடர்ந்தது, பீரியட் இல்லாத ஈயில் நின்றது. இதன் மரபணு வழியில் ஒரு கண்ணி பின்னர் தெரியவந்தது. கிளாக்–சைக்கிள் ஜோடி மெஃப்2 என்னும் படியெடுப்புக் காரணியை இயக்க, அது ஃபாசிக்லின்-2 என்னும் ஒட்டுப் புரதத்தின் அளவை ஒழுங்குபடுத்துகிறது. ஒட்டுப் புரதம் மிகுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், குறைந்தால் விரியும். இப்படி விரிந்து ஒடுங்குவதால், அந்தச் செல் யாரோடு பேசுகிறது என்பதும் வேளைக்கு வேளை மாற இடமுண்டு.

ஒரே ஒரு தொகுதியின் கடிகாரத்தை நிறுத்தினால் ஈ நேரத்தை மறந்துவிடுமா?

பி.டி.எஃப். செல்களே தலைமைக் கடிகாரம் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 2019-ல், மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையால் பீரியட் அல்லது டைம்லெஸ் மரபணுவைக் குறிப்பிட்ட செல்களில் மட்டும் சிதைத்த இரண்டு ஆய்வுகள் அதை அசைத்துவிட்டன. பி.டி.எஃப். செல்களில் மட்டும் கடிகாரத்தை நீக்கியபோதும் இருட்டில் ஈக்களின் 24 மணி நேர ஒழுங்கு பெரும்பாலும் நிலைத்தது. காலைச் செல்கள், மாலைச் செல்கள் இரண்டிலும் நீக்கியபோதுதான் கடுமையாகக் குலைந்தது. செல்லை அழிப்பதும் அதன் கடிகாரத்தை மட்டும் நிறுத்துவதும் ஒன்றல்ல. கடிகாரம் நின்ற செல்லும் அண்டைச் செல்களின் தாளத்துக்கேற்பச் சமிக்ஞை அனுப்ப முடியும்.

தட்பவெப்பம் இந்த மரபணுக்களைப் பாதிக்குமா?

பாதிக்கும். குளிரில் பீரியட் ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதியில் உள்ள ஓர் இடைத்துண்டு அதிகமாக வெட்டி நீக்கப்படுகிறது, அதனால் பீரியட் விரைவில் சேர்ந்து, மாலை நடமாட்டம் முந்துகிறது. வெப்பமான நாளில் வெட்டு குறைந்து, ஈ நண்பகல் உறக்கத்தை நீட்டி, மாலைக் குளிர்ச்சிக்குக் காத்திருக்கிறது. ஆப்பிரிக்க வெப்ப மண்டலத்தை விட்டு வெளியேறாத யாகுபா என்னும் உறவு இனத்தில் இந்த வெட்டு வெப்பநிலைக்கேற்ப மாறுவதில்லை. குளிர்காலத்தையே காணாத இனத்துக்கு அது தேவைப்படவில்லை போலும்.

மனிதருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. இரவு ஏழரை மணிக்கே உறக்கம் வந்து, விடியற்காலை நான்கரைக்கு விழித்துக்கொள்ளும் பரம்பரை நிலை ஒன்று சில குடும்பங்களில் உள்ளது. 2001-ல் அத்தகைய ஒரு குடும்பத்தில், மனிதப் பீரியட் மரபணுக்களுள் ஒன்றான பெர்2-ல், பாஸ்பேட் ஒட்டும் பகுதியில் இருந்த செரின் ஒன்று மாறியிருந்தது தெரிந்தது. 2005-ல் வேறொரு குடும்பத்தில், டபுள்டைமுக்கு இணையான மனித நொதியிலேயே மாற்றம் காணப்பட்டது. கொனொப்காவின் 19 மணி நேர ஈயின் மனித உறவினர்கள் என்று அவர்களைச் சொன்னால் மிகையாகாது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இத்துறையில் ஆய்வு நடந்துள்ளதா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் கட்டியெழுப்பிய காலவுயிரியல் ஆய்வுக்கூடம் குகை வௌவால்களின் நாளொழுங்குக்கும், வெளியுலக நேரம் தெரியாத அறையில் மனிதர் வாழ்ந்த சோதனைகளுக்கும் பெயர்பெற்றது. அவரே அதற்கு முன் ஜெர்மனியின் டூபிங்கனில், இதுவரை பேசிய மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈ இனத்துக்கு உறவான சூடோஅப்ஸ்கூரா என்ற பழ ஈ இனம் கூட்டிலிருந்து வெளிவரும் நேர ஒழுங்கை ஒளித் துடிப்புகளைக் கொண்டு ஆராய்ந்தவர். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் விஜய் குமார் சர்மாவின் குழு, காலையில் வெளிவருபவற்றைத் தனியாகவும் மாலையில் வெளிவருபவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்து, நேர விருப்பம் பரம்பரையாக மாறுவதைக் காட்டியது.

இதில் எதையாவது வீட்டில் பார்க்க முடியுமா?

மரபணுவைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் விளைவைப் பார்க்கலாம். கனிந்த வாழைப்பழத் துண்டை வாயகன்ற புட்டியில் போட்டு, ஈக்கள் வந்து முட்டையிட்டதும் அவற்றை விரட்டிவிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, பகல் வெளிச்சம் படும் ஆனால் வெயில் விழாத சன்னல் ஓரத்தில் வையுங்கள். ஏறத்தாழ பத்து நாளில் புட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புநிறக் கூடுகள் கறுக்கத் தொடங்கும். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புட்டியில் உள்ள ஈக்களை எல்லாம் வெளியே விட்டுவிட்டு, புதிதாக வந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிய உடலோடும், இன்னும் விரியாத மடிந்த சிறகோடும், வயிற்றில் ஒரு கரும்பொட்டோடும் இருக்கும். இரண்டு மூன்று நாள் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவை விடியலை ஒட்டிய சில மணி நேரத்துக்குள் வெளிவந்திருப்பதும், பிற்பகலிலும் முன்னிரவிலும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பதும் தெரியும். கொனொப்கா தம் பிறழ்வு ஈக்களை முதலில் அடையாளம் கண்டதும் இப்படி வெளிவரும் நேரத்தைக் கவனித்துத்தான்.